தொட்டியிலும் மேட்டுப்பாத்தியிலும் காய்கறி, பழம்: முதல்முறை நடுகிறவர்களுக்கு

விதை, தொட்டி, உரம் எதையும் வாங்குவதற்கு முன் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் முக்குங்கள். நன்றாக ஊறியதும் உள்ளங்கையில் தட்டையாக வைத்துப் பிடியுங்கள். கொஞ்ச நேரம் சொட்டும், அப்புறம் நின்றுவிடும். இப்போது அதைப் பிழியாமல் திருப்பி, நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். நின்றுபோன சொட்டு மறுபடி விழத் தொடங்கும். ஸ்பாஞ்ச் அதேதான். உயரம் கூடியதும் அது பிடித்து வைக்கும் நீர் குறைந்துவிட்டது.

தொட்டிக்குள் இருக்கும் மண்ணும் இப்படித்தான். எத்தனை ஓட்டை போட்டாலும், நீர் வடிந்து முடிந்த பிறகும் அடியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரம் கோத்து நிற்கும். அது எவ்வளவு உயரம் என்பதைத் தீர்மானிப்பது மண் கலவைதான். தொட்டி ஆழமா, ஆழம் குறைவா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால் 10 செ.மீ. ஆழமுள்ள தட்டில் பாதிக்கு மேல் சேறாகக் கிடக்கலாம். அதே கலவையை 40 செ.மீ. ஆழத் தொட்டியில் போட்டால் அடிப்பகுதி மட்டும்தான் அப்படி இருக்கும். ஈரம் கோத்த இடத்தில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல்லும் ஓட்டுச் சில்லும் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலரும் சொல்வார்கள். நானும் முதல் ஆண்டு அப்படித்தான் செய்தேன். தக்காளிச் செடிகள் ஒவ்வொன்றாக மஞ்சள் பூத்துச் சாய்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் கல் அடுக்குக்கு மேலேயே பழுப்பு நிறத்தில் வேர் அழுகிக் கிடந்தது. காரணம் எளிது. நுண்ணிய மண்ணில் இருக்கும் நீர், பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குள் எளிதில் இறங்காது. மண் முழுதாக ஊறி நிறைந்த பிறகுதான் இறங்கும். எனவே கோத்து நிற்கும் ஈரம் காணாமல் போவதில்லை. கல் அடுக்கின் உயரத்துக்கு மேலே தள்ளப்படுகிறது. வேருக்குக் கிடைத்த நல்ல இடம்தான் குறைகிறது. மண் ஒழுகாமல் இருக்க ஓட்டையின் மேல் ஒரு துண்டு கொசுவலை போதும். மேலிருந்து கீழ் வரை ஒரே கலவையாக நிரப்புங்கள்.

நிலத்தில் நிற்கும் செடி, நீர் தேங்கினால் பக்கவாட்டில் வேர் விடும். வறண்டால் ஆழமாக விடும். தொட்டிச் செடிக்கு அந்த வழி இல்லை. நாம் கொடுக்கும் சில லிட்டர் மண்தான் அதன் உலகம். அதில் நீரும் காற்றும் ஒருசேர இருக்கும்படி செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்தக் கட்டுரையில் சொல்லப்போவதெல்லாம் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான்.

முதலில் வெயிலைப் பாருங்கள்

வீட்டில் இருக்கும் ஒரு நாள், காலை 8 மணியிலிருந்து மாலை வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடத்தைப் போய்ப் பாருங்கள். நேரடி வெயில் எங்கே விழுகிறது, எப்போது விலகுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, வெள்ளரி போல காய் கொடுப்பவற்றுக்கு 6 முதல் 8 மணி நேர நேரடி வெயில் வேண்டும். முள்ளங்கி, பீட்ரூட் போன்ற கிழங்கு வகைகள் 4, 5 மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். கீரைக்கும் லெட்யூஸுக்கும் புதினாவுக்கும் 3, 4 மணி நேரம் போதும். வெயில் அவ்வளவுதான் என்றால் அந்த இடத்தில் கீரையை வளர்ப்பதே சரி. நிழலில் நட்ட தக்காளி இலை மேல் இலையாக உயரும், காய்க்காது. எந்த உரமும் அதை மாற்றாது.

பருவத்துக்குப் பருவம் சூரியன் போகும் பாதை நகரும் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்று வெயில் படும் மூலை 4 மாதம் கழித்துச் சுவர் நிழலில் இருக்கலாம்.

அப்புறம் தண்ணீர்க் குழாய். குழாய்க்குத் தூரமாக வைத்த தொட்டிகள்தான் எப்போதும் முதலில் காய்கின்றன. பக்கத்திலேயே இடம் பாருங்கள்.

மொட்டை மாடி, பால்கனி என்றால் எடைக் கணக்கு கட்டாயம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20 லிட்டர் தொட்டி ஒன்று, மண்ணும் ஈரமுமாக 20 முதல் 30 கிலோ வரை வரும். 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளம், 30 செ.மீ. ஆழத்தில் ஒரு பாத்தி அமைத்தால் அதற்குள் 864 லிட்டர் கலவை போகும். தோட்டமண் கலந்து நனைந்தால் அது ஒரு டன்னைத் தாண்டிவிடும். மேல்தளத்தில் பாத்தி அமைக்க நினைப்பவர்கள் கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். தொட்டிகளையும் தளத்தின் நடுவில் குவிக்காமல், தாங்குசுவரை ஒட்டிப் பரப்பி வையுங்கள்.

பாத்தியா, தொட்டியா?

தரையில் மண் இருந்தால் மேட்டுப்பாத்தியைத்தான் நான் சொல்வேன். மண் அதிகம் இருப்பதால் ஈரமும் சத்தும் சட்டென்று தீர்ந்துபோகாது. இரண்டு நாள் வெளியூர் போய்வந்தாலும் செடி தாங்கும். சிமென்ட் தளம் மட்டும்தான் இருக்கிறது, அல்லது வாடகை வீடு என்றால் தொட்டி. இரண்டிலும் நல்ல விளைச்சல் எடுக்கலாம். தொட்டிக்குக் கவனம் அதிகம் வேண்டும், அவ்வளவே.

பாத்தியின் அகலத்தை நம் கை நீளம்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு பக்கமும் நின்று வேலை செய்ய முடிந்தால் 1.2 மீட்டர். ஒரு பக்கம் சுவர் என்றால் 60 செ.மீ.க்கு மேல் வேண்டாம். பாத்திக்குள் ஒருமுறைகூடக் கால் வைக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்தக் கணக்கு. மிதித்த மண் இறுகும். இறுகிய மண்ணில் காற்று இல்லை. பாத்திகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுந்திருக்க 50 செ.மீ. வழி விடுங்கள். உயரம், கீழே நல்ல மண் இருந்தால் 20 முதல் 30 செ.மீ. போதும், வேர் அதற்கும் கீழே இறங்கிக்கொள்ளும். சிமென்ட் தளத்தின் மேல் என்றால் 40 செ.மீ.யாவது வேண்டும். பழைய கட்டடத்தை ஒட்டிய மண்ணில் உதிர்ந்த பெயின்டிலிருந்து ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அப்படிச் சந்தேகம் இருந்தால் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுங்கள். அதுவரை, தரை மண்ணோடு கலக்காத உயரமான பாத்தியோ தொட்டியோ நல்லது.

அமைப்பது கடினமல்ல. புல்லை வெட்டி, தரையைக் கடப்பாரையால் லேசாகக் கிளறிவிட்டு, அதன் மேல் அச்சு மையும் டேப்பும் இல்லாத அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி விரித்து நனையுங்கள். களை அடங்கும், சில மாதங்களில் அட்டை மட்கி மண்புழுவுக்கு உணவாகும். மேலே சட்டத்தை வைத்து நிரப்ப வேண்டியதுதான். சட்டத்துக்குச் செங்கல், கல், பலகை எதுவும் ஆகும். ஆனால் பழைய ரயில் தண்டவாளக் கட்டைகள் வேண்டாம். அவற்றில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் சாப்பிடும் பயிருக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாத பொருள். ஆர்செனிக் கலந்து பதப்படுத்திய பழைய பலகைகளும் அப்படியே. சரக்கு ஏற்றும் மரத் தட்டுகளைப் பிரித்துப் பயன்படுத்துவதானால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் எச்.டி. (HT) என்று இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, தொடாதீர்கள்.

தொட்டி வாங்குவதில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: சின்னதாக வாங்குவது. அழகான 5 லிட்டர் தொட்டியில் தக்காளியை நட்டுவிட்டு, வெயில் நாளில் மூன்று முறை நீர் ஊற்றிக் களைத்துப்போகிறார்கள். ஒரு தக்காளிக்குக் குறைந்தது 20 லிட்டர் கொடுங்கள். கத்தரி, வெள்ளரிக்கும் அதே அளவு. மிளகாய், குடைமிளகாய், குத்துப் பீன்ஸ், வெண்டைக்கு 10 முதல் 15 லிட்டர். கீரைக்கும் லெட்யூஸுக்கும் அகலம்தான் முக்கியம்; ஆழம் 15 முதல் 20 செ.மீ. போதும். முள்ளங்கிக்கு 20 செ.மீ., கேரட்டுக்கு 30 செ.மீ. ஆழம். புதினாவுக்குத் தனித் தொட்டி வேண்டும். பாத்தியில் விட்டால் ஓடுவேர் பரப்பி எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

மண் தொட்டி அழகு, பக்கச்சுவர் வழியாகக் காற்றும் புகும். ஆனால் அதே சுவர் வழியாக நீரும் வற்றும். பிளாஸ்டிக் ஈரம் காக்கும். துணியால் ஆன க்ரோ பேக்கில் ஒரு நல்ல குணம் உண்டு: வேர் நுனி துணியைத் தொட்டுக் காற்றுப் பட்டதும் அங்கேயே நின்று, பின்னால் பக்க வேர்களாகக் கிளைக்கும். பிளாஸ்டிக்கில் அதே வேர் சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடும். எந்த வகையானாலும் கடும் வெயில் படும் இடத்தில் கறுப்பு நிறம் வேண்டாம். வெயில் பட்ட பக்கத்தில் மண் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி வேர் வெந்துபோகும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அதற்கு முன்னால் வேறொரு தொட்டியை நிறுத்தி நிழல் கொடுங்கள், அல்லது வெள்ளைத் துணி சுற்றுங்கள்.

மண் கலவை

தோட்டமண்ணை மட்டும் வெட்டித் தொட்டியில் போடக் கூடாது. நிலத்தில் நன்றாக இருக்கும் அதே மண், தொட்டியில் பத்து முறை நீர் ஊற்றியதும் செங்கல்லாக இறுகும்.

தொட்டிக்கு நான் கலப்பது: தென்னை நார்க்கழிவு, அதாவது கோகோபீட் ஒரு பங்கு, நன்கு மட்கிய கம்போஸ்ட் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, நீர் வடிய உதவும் கரடான பொருள் ஒரு பங்கு. இந்த மூன்றாவது பங்கு பெர்லைட்டாக (சூட்டில் பொரிந்த, எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) இருக்கலாம், பருமணலாக இருக்கலாம். கட்டடத்துக்கு வாங்கும் நைஸ் மணல் கூடாது, அது இடைவெளிகளை அடைத்துவிடும். எல்லாவற்றையும் அளவுபார்த்து, ஒரே வாளியால் அளந்து கலக்குங்கள்.

கோகோபீட்டைக் கழுவ வேண்டும். தென்னை மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு. கழுவாத நார்க்கழிவில் நாற்றின் இலை ஓரம் கருகும். 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் 70 லிட்டர் அளவுக்குப் பெருகும். பெரிய தொட்டியில் ஊறப்போட்டுத் தண்ணீரை வடித்து, மறுபடி நல்ல நீர் ஊற்றி, இரண்டு மூன்று முறை இப்படிச் செய்யுங்கள். வடியும் நீர் அடர் பழுப்பிலிருந்து வெளிறிய தேநீர் நிறத்துக்கு வரும்போது நிறுத்தலாம்.

பாத்திக்குக் கணக்கு வேறு. பாதிக்குக் கொஞ்சம் மேல் நல்ல மேல்மண், மீதி கம்போஸ்ட். கம்போஸ்ட்டை மட்டும் கொட்டி நிரப்புகிறவர்கள் உண்டு. சில மாதங்களில் அது மட்கி அமுங்கிப் பாத்தி கால்வாசி இறங்கிவிடும். மண் கலந்திருந்தாலும் முதல் ஆண்டு கொஞ்சம் இறங்கும், மேலே போட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

கம்போஸ்ட் தரமானதா என்று எப்படித் தெரியும்? மூக்கே சொல்லும். மழை விழுந்த மண்ணின் வாசனை வர வேண்டும். அம்மோனியா நெடியோ புளித்த வாடையோ வந்தால் இன்னும் மட்கவில்லை. அப்படிப்பட்டதைப் போட்டால் நுண்ணுயிர்கள் மட்க வைக்கும் வேலைக்கு மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே (நைட்ரஜன்) எடுத்துக்கொள்ளும்; செடி வெளிறிப்போகும். மரத்தூளைப் பச்சையாகக் கலப்பதிலும் இதே தொல்லைதான். மட்காத சாணத்தில் நோய்க் கிருமிகளும் இருக்கும். அதைப் போட்டுவிட்டால், மண்ணைத் தொடும் கீரை, கிழங்கு வகைகளை அறுக்கக் குறைந்தது 120 நாள் இடைவெளி வேண்டும். மட்கியதையே வாங்குவது மேல்.

வெளியிலிருந்து சாணமோ கம்போஸ்ட்டோ மொத்தமாக வாங்கினால் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். மேய்ச்சல் நிலத்துக் களைக்கு அடிக்கும் சில மருந்துகள், புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றைக் கடந்து, சாணத்தில் தங்கி, மட்கிய பிறகும் பல மாதங்கள் இருக்கும். அந்த உரம் பட்டால் தக்காளியும் பீன்ஸும் இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும். அப்புறம் மீட்க முடியாது. மூன்று கோப்பையில் அந்த உரம் கலந்த மண், மூன்றில் உரம் கலக்காத மண் எடுத்து எல்லாவற்றிலும் பீன்ஸ் விதை போட்டு மூன்று வாரம் பாருங்கள். இரண்டு வரிசையும் ஒரேமாதிரி வளர்ந்தால் பயமில்லை. மூன்று வாரக் காத்திருப்பு அதிகமாகத் தோன்றலாம். ஒரு பருவம் முழுவதும் வீணாவதை நேரில் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

கலவை தயாரானதும் ஈரமாக்கி ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் கரடான பொருளைக் கூட்டுங்கள். உருண்டையே பிடிபடாவிட்டால் கம்போஸ்ட்டைக் கூட்டுங்கள்.

முதல் பருவத்தில் என்ன நடலாம்

ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒரு கீரை, முள்ளங்கி, குத்துப் பீன்ஸ், மிளகாய், தக்காளி: இந்த வரிசையைப் பரிந்துரைக்கிறேன். முள்ளங்கி 25, 30 நாளில் கைக்கு வரும்; கீரையும் அப்படித்தான். பீன்ஸ் 50, 60 நாள். அதற்குள் மிளகாயும் தக்காளியும் பூவெடுத்திருக்கும். ஒன்றை அறுத்துச் சாப்பிட்டுக்கொண்டே இன்னொன்றுக்காகக் காத்திருக்கும்போது ஆர்வம் குறையாது. காலிஃபிளவர், முட்டைக்கோஸ் போன்றவை இடமும் நாளும் அதிகம் கேட்கும். தட்பவெப்பம் கொஞ்சம் பிசகினாலும் ஏமாற்றும். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

தக்காளியில் இரண்டு விதம் உண்டு என்பது விதைப் பொட்டலத்திலேயே எழுதியிருக்கும். ஒன்று குறிப்பிட்ட உயரத்தில் நின்று, ஒரே சமயத்தில் காய்த்து ஓயும் குத்து வகை. மற்றது பனி வரும் வரை வளர்ந்துகொண்டே போகும் கொடி வகை. தொட்டிக்குக் குத்து வகையும் செர்ரி தக்காளியும் பொருத்தம்.

விதையும் நாற்றும்

கேரட், முள்ளங்கி, பீட்ரூட், பீன்ஸ், வெண்டை இவற்றை இருக்கப்போகும் இடத்திலேயே ஊன்றுங்கள். கிழங்கு வகைகளைப் பிடுங்கி நட்டால் வேர் கவைபட்டு வளரும். தக்காளி, மிளகாய், கத்தரியைக் குழித்தட்டில் நாற்று விட்டு எடுத்து நட வேண்டும்.

விதையின் பருமனைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆழம், அதற்கு மேல் வேண்டாம். லெட்யூஸ் விதைக்கு வெளிச்சம் தேவை. மேலே தூவி லேசாக அழுத்திவிட்டால் போதும். தக்காளி 20 முதல் 30 டிகிரி செல்சியஸில் ஒரு வாரத்தில், சில சமயம் பத்து நாளில் முளைக்கும். மிளகாய் இரண்டு மூன்று வாரம்கூட எடுக்கும். முளைக்கவில்லையே என்று தோண்டிப் பார்க்காதீர்கள்.

முளை தலைகாட்டியதும் அன்றைக்கே வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். இருட்டில் இரண்டு நாள் இருந்தாலே நாற்று நூலாக நீண்டுவிடும். மேல்மண்ணைக் கொஞ்சம் காயவிட்டு, தட்டை அடியிலிருந்து நனையுங்கள். மேலே எப்போதும் ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடித்து, நாற்று தரையோடு தரையாக மெலிந்து சாயும். ஒரே இரவில் ஒரு தட்டே போய்விடும்.

முதலில் வரும் இரண்டும் விதையிலைகள். அதற்கப்புறம் நான்கைந்து உண்மை இலைகள் வந்தபின் இடம் மாற்றலாம். வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை நேரே வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம், அப்புறம் காலை வெயில் என்று ஒரு வாரம், பத்து நாளில் பழக்குங்கள்.

நடுவதற்கு மாலை நேரம் நல்லது. தக்காளியை மட்டும் ஆழமாக, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதி புதையும்படி நடுங்கள். புதைந்த தண்டெல்லாம் வேர் விடும். மற்ற நாற்றுகள் தட்டில் இருந்த அதே ஆழத்தில். முட்டுக்குச்சியை நடும்போதே ஊன்றிவிட வேண்டும். பின்னால் குத்தினால் வளர்ந்த வேரைக் கிழிப்போம்.

தண்ணீர்

"தினமும் எவ்வளவு ஊற்ற வேண்டும்?" என்று கேட்கிறார்கள். அதற்கு அளவு சொல்ல முடியாது, சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அதே செடி மேகமூட்டமான நாளில் அரை லிட்டரும் காற்றடிக்கும் வெயில் நாளில் மூன்று லிட்டரும் குடிக்கும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் பட்டால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். சின்னத் தொட்டிகளைத் தூக்கிப் பார்த்தே பழகிவிடலாம். காய்ந்த தொட்டி பஞ்சாக இருக்கும்.

ஊற்றினால் அடி ஓட்டை வழியாக வெளியேறும்வரை ஊற்றுங்கள். தினமும் மேலாக ஒரு கோப்பை தெளித்தால் மேல் அங்குலம் மட்டும் நனையும், வேர் அங்கேயே மேலோடு நிற்கும், ஒரு நாள் மறந்தால் செடி போய்விடும். ஒரு விஷயத்தில் ஏமாந்துவிட வேண்டாம்: முற்றிலும் காய்ந்துபோன கோகோபீட் கலவை நீரை உறிஞ்சாது. ஊற்றியதும் ஓரத்து இடுக்கு வழியாக ஓடி அடியில் கொட்டும். நன்றாக நனைந்துவிட்டது என்று நினைத்துப் போய்விடுவோம். நடுவில் மண் உலர்ந்தே கிடக்கும். அப்படி ஆனால் தொட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் இறக்கி வையுங்கள்.

நண்பகலில் இலை தொங்குவதைப் பார்த்ததும் ஓடிப்போய் ஊற்றாதீர்கள். கடும் வெயிலில் வேர் இழுப்பதைவிட இலை ஆவியாக்குவது அதிகம். மாலையில் தானே நிமிரும். விரல் வைத்துப் பாருங்கள். காலையிலும் தொங்கியே இருந்து, மண்ணும் ஈரமாக இருந்தால், பிரச்சினை வேர் அழுகலாக இருக்கலாம். அதற்கு மேலும் நீர் ஊற்றுவதுதான் செடியைக் கொல்லும்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துத் தோலாகக் குழிவதைப் பலர் நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். அது காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததன் அடையாளம். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்பு இருக்கும். அதைக் காய்வரை எடுத்துச் செல்லும் நீர் சீராக வருவதில்லை. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதை நிறுத்தினால் அடுத்த குலை சரியாக வரும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் அது கரைய மாதங்கள் ஆகும். அந்தச் செடிக்கு உதவாது.

மேலே காய்ந்த இலை, வைக்கோல், எது கிடைத்தாலும் 5 செ.மீ. மூடாக்குப் போடுங்கள். தண்டைத் தொடாமல் இரண்டு விரல் இடம் விட வேண்டும்.

உரம்

கலவையில் இருக்கும் கம்போஸ்ட் நான்கைந்து வாரம் தாங்கும். ஒவ்வொரு முறை நீர் வடியும்போதும் சத்தும் வடிந்து போகிறது என்பதால், தொட்டிச் செடிக்கு அப்புறம் 10, 14 நாளுக்கு ஒருமுறை திரவ உரம் தேவை. பாத்திக்கு அவ்வளவு வேண்டியதில்லை. இலை வளரும்போது தழைச்சத்தும், பூ வந்ததும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) அதிகமுள்ள உரம். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் பாதியில் தொடங்குங்கள், காய்ந்த மண்ணில் ஊற்றாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் தக்காளி கரும்பச்சையாகக் கொழுத்து, பூக்க மறக்கும். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் அந்த இளந்தளிரைத்தான் தேடி வரும்.

பூ உதிர்ந்தால்

தக்காளி, மிளகாய், பீன்ஸ் பூக்களுக்குள் ஆண், பெண் இரண்டும் இருக்கின்றன. காற்றோ தேனீயோ ஆட்டிவிட்டால் போதும். மூடிய பால்கனியில் காற்று வராவிட்டால் காலையில் பூங்கொத்தின் தண்டை விரலால் சுண்டிவிடுங்கள். பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனாலும் இரவு 13 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் தக்காளிப் பூ கருவுறாமல் உதிரும்; அது உங்கள் தவறல்ல, பருவம் மாறும்வரை செடியைக் காப்பாற்றுங்கள்.

பூசணி, பாகல், வெள்ளரியில் பெரும்பாலும் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் தெரியும். முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண் பூக்களே வந்து உதிரும், கவலை வேண்டாம். பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். காலையில் அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள்.

பூச்சி

இரண்டு நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தொடக்கத்திலேயே கண்ணில் பட்டால் பாதிப் பூச்சிக்கு மருந்தே வேண்டாம். அசுவினியை வேகமான நீர்ப் பீய்ச்சலில் உதிர்க்கலாம். மாவுப்பூச்சியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுக்கலாம். எறும்புகள்தான் அதை வளர்த்துப் பரப்புகின்றன, எறும்பு வரும் வழியை அடைக்க வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி மென்சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள். பொறிவண்டு தென்பட்டால் தெளிப்பதைத் தள்ளிப்போடுங்கள்; அதன் புழுக்கள் உங்களுக்காக அசுவினியைத் தின்றுகொண்டிருக்கும்.

பழம்

தொட்டியில் எளிதான பழம் ஸ்ட்ராபெர்ரி. ஒரு செடிக்கு 3, 4 லிட்டர் மண் போதும். நடும்போது குருத்து மண்ணுக்குள் புதையக் கூடாது, புதைந்தால் அழுகும். எலுமிச்சை, அத்தி, மாதுளை, கொய்யா ஆகியவை 40 முதல் 60 லிட்டர் தொட்டியில் பல ஆண்டுகள் வாழும். விதையிலிருந்து வளர்த்தால் எலுமிச்சை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகலாம். ஒட்டுக் கன்று இரண்டு மூன்று ஆண்டுகளில் பலன் தரும். ஒட்டுக் கட்டிய இடம் எப்போதும் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிர்களை உடனே ஒடித்துவிடுங்கள், அவை வேறு மரத்தின் கிளைகள். ப்ளூபெர்ரிக்குத் தொட்டிதான் நிலத்தைவிட ஏற்றது, அதற்கு பி.எச். (pH) அளவு 4.5 முதல் 5.5 வரை இருக்கும் அமில மண் வேண்டும், அதைத் தொட்டியில் மட்டும்தான் எளிதாகக் கட்டுப்படுத்த முடியும்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேர்க்கட்டியின் ஓரத்தைச் சுற்றி இரண்டு விரல் பருமனுக்குச் சீவிவிட்டுப் புதுக் கலவையோடு திரும்ப வைக்க வேண்டும். அன்றே கிளைகளையும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

பருவம் முடிந்ததும்

காய்த்து ஓய்ந்த செடியை வெட்டியதும் தொட்டியைக் கவிழ்த்து வேர்க்கட்டியை முழுதாக வெளியே எடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான். வெளிறிய வேர் அடிவரை பரவியிருந்தால் கலவையும் நீரும் சரியாக இருந்தன. மேல் பாதியில் மட்டும் வேர் இருந்து கீழே கறுப்பாக, சாக்கடை வாடையோடு இருந்தால் அடியில் ஈரம் கோத்து நின்றிருக்கிறது. அடுத்த முறை கரடான பொருளைக் கூட்டுங்கள், ஓட்டைகளைச் சரிபாருங்கள். நடுவில் மண் தூளாகக் காய்ந்திருந்தால் நீர் உள்ளே போகவில்லை. சுவரை ஒட்டி வேர் பாயாகப் பின்னியிருந்தால் அந்தப் பயிருக்கு அந்தத் தொட்டி போதவில்லை. ஒவ்வொரு தொட்டிக்கும் பார்த்ததைக் குறித்துவையுங்கள்.

அந்தக் கலவையை எறிய வேண்டாம். தடித்த வேர்களை நீக்கி, உதிர்த்து, கால் பங்கு புதுக் கம்போஸ்ட் கலந்தால் மறுபடி பயன்படும். தக்காளி, மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம் என்பதால் அவை வளர்ந்த மண்ணில் அடுத்து பீன்ஸோ கீரையோ போடுங்கள். வாடல் நோய் வந்து செத்த செடியின் மண் மட்டும் விதிவிலக்கு; அதைப் பூச்செடிகளுக்குக் கொடுத்துவிட்டு, தொட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.